இன்டெக்ஸ் ஏத்தி இறக்கத் தெரிஞ்சா போதாதா? ஜியாமெட்ரி, அனாலிசிஸ், பிஸிக்ஸ்

கேள்வி, ஏப்ரல் 4, இரவு 9.50

எம்எஸ்சி பிஸிக்ஸ் முதல் வருஷம் படிக்கிறேன். அடுத்த செமஸ்டர் ஜெனரல் ரிலேட்டிவிட்டி எலெக்டிவ் எடுக்கலாம்னு இருக்கேன். ஒரு சீனியர் அண்ணா, மேத்ஸ் டிபார்ட்மெண்ட்ல போய் ரியல் அனாலிசிஸும் டிஃபரன்ஷியல் ஜியாமெட்ரியும் உக்காந்து கேட்டுட்டு வா, இல்லன்னா ஒண்ணும் புரியாதுங்கறார். இன்னொரு அண்ணா, டென்சர்ல இன்டெக்ஸை, அதான் எழுத்தோட ஒட்டி வர்ற குட்டிக் குறியை, மேல ஏத்தி கீழ இறக்கத் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் மேத்ஸ்காரங்க பொழப்புக்கு வச்சிருக்கறதுங்கறார். யார் சொல்றது சரி? எனக்கு அனாலிசிஸ்ல குட்டிக் குட்டி எண்ணை வச்சு நிரூபிக்கற அந்த எப்சிலான் டெல்டான்னாலே அலர்ஜி.

ஏப்ரல் 4, இரவு 11.20

நான் ரெண்டாவது சீனியர் கட்சி. மேத்ஸ் எம்எஸ்சி முடிச்சவன் இப்டி சொன்னா எனக்குப் பாடம் எடுத்தவங்க வருத்தப்படுவாங்க, பரவால்ல. ரிலேட்டிவிட்டி முதல் கோர்ஸுக்கு தூரம் அளக்கற மெட்ரிக், அதுலேந்து வர்ற கிறிஸ்டாஃபெல், வளைஞ்ச வெளில நேர்கோடு மாதிரி இருக்கற ஜியோடெசிக், வளைவைச் சொல்ற ரீமன் டென்சர், அவ்ளோதான் சரக்கு. நாப்பது கணக்கு போட்டா கை தானா எழுதும். அனாலிசிஸ் இல்லாமலே வண்டி ஓடும் தம்பி. அலர்ஜிக்கு மருந்தெல்லாம் வேணாம், பக்கத்துல போகாம இருந்தாலே போதும்.

ஆனா ஜியாமெட்ரியை விட்றாதீங்க. நாலு பரிமாணத்துல ரீமன் டென்சருக்கு 20 தனித்தனி கூறுகள்னு பரீட்சைல எண்ணிக் காட்டி மார்க் வாங்கினவன் நான். அதுல ஒண்ணே ஒண்ணு எதை அளக்குதுன்னு அன்னிக்கு யாராச்சும் கேட்டிருந்தா முழிச்சிருப்பேன். வளைவை ஒரு தடவையாவது கையால தொட்டுப் பாக்கணும். நாளைக்கு எழுதறேன், அதுக்கு ஒரு தர்பூசணி வாங்கணும்.

ஏப்ரல் 5, மாலை 6.40

வாங்கியாச்சு. நாலு கிலோ. கடைக்காரர் தட்டிப் பாத்து, இது நல்லா பழுத்தது சார்னு ஒண்ணை நீட்டினாரு, அது முட்டை மாதிரி நீளம். எனக்கு உருண்டையாதான் வேணும்னேன், காயா இருந்தாலும் பரவால்லன்னேன், ஒரு மாதிரி பாத்தாரு.

காம்புதான் வட துருவம். மார்க்கரால நடுவுல சுத்தி ஒரு கோடு, அது பூமத்திய ரேகை. விளக்குமாத்துலேந்து ஒரு ஈர்க்குச்சி உருவி ஒரு இன்ச்சுக்கு ஒடிச்சுக்குங்க, ஒரு முனையில மை வைங்க, அதுதான் அம்பு. இப்ப காம்புலேந்து அம்பு முன்னாடி பாக்கற மாதிரி வச்சு நேரா கீழ இறங்குங்க. பூமத்திய ரேகைக்கு வந்தா அம்பு தெற்கு பாத்து நிக்கும். அங்கேந்து ரேகை மேலயே பக்கவாட்டுல கால்வாசி சுத்து போங்க, குச்சியைத் திருப்பக் கூடாது, அது பாட்டுக்கு தெற்கு பாத்தபடியே வரும். அப்புறம் அங்கேந்து நேரா மேல காம்புக்கு. இப்பவும் திருப்பக் கூடாது, அம்பு பின்னாடி பாத்தபடி ஏறும். காம்புக்கு வந்து பாத்தா முதல்ல வச்ச திசைக்கு சரியா 90 டிகிரி தள்ளி நிக்குது. வழியில எங்கயும் திருப்பவே இல்ல, ஆனா திரும்பியிருக்கு.

எவ்ளோ திரும்பிச்சுங்கறது எவ்ளோ தோலைச் சுத்தி வந்தோம்ங்கறதைப் பொறுத்தது. நாம சுத்தினது உருண்டையோட எட்டுல ஒரு பங்கு, அதுக்கு 90. கால்வாசிக்கு பதிலா அரைக்கால் சுத்து போயிருந்தா 45தான். சமதளத்துல, டேபிள் மேல, எப்டி சுத்தினாலும் சைபர். ரீமன் டென்சர் சொல்றது இதைத்தான், ரொம்பக் குட்டியா ஒரு சுத்து வந்தா அம்பு எந்தப் பக்கம் எவ்ளோ திரும்பும்ங்கற கணக்கு. அந்த நாலு இன்டெக்ஸும் அதுக்குத்தான்: சுத்துற தளத்துக்கு ரெண்டு, உள்ள போற அம்புக்கு ஒண்ணு, வெளிய வர்ற அம்புக்கு ஒண்ணு. இந்த பேரலல் ட்ரான்ஸ்போர்ட்டை வச்சுதான் ஐன்ஸ்டீன் 1915ல மொத்தக் கட்டடத்தையும் எழுப்பினார்.

ஏப்ரல் 5, இரவு 10.05

பழத்துல பண்ணினதை பூமியே தினமும் பண்ணுது, அதைச் சொல்ல மறந்துட்டேன். ஃபூக்கோ 1851ல பாரிஸ் பாந்தியன்ல 67 மீட்டர் கம்பில 28 கிலோ குண்டைத் தொங்க விட்டு ஆட்டினார்ல, அந்த ஊசல் ஆடற தளம்தான் நம்ம ஈர்க்குச்சி. பூமி அதை ஒரு அட்சரேகை வட்டத்துல ஒரு நாளைக்கு ஒரு தடவை சுத்திக் கொண்டுவருது. டெல்லில புது பார்லிமெண்ட் கட்டடத்துல கூட ஒண்ணு தொங்குது. சென்னை 13 டிகிரி அட்சரேகை, அதுக்கு மேல இருக்கற தொப்பி மாதிரி பகுதியோட பரப்பைப் போட்டா 278 டிகிரி சொச்சம் வருது. அதனால சென்னைல ஊசல் ஒரு நாளைக்கு 278 டிகிரி திரும்பும்.

ஏப்ரல் 6, காலை 7.15

தப்பு. ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது, பாரிஸ்ல மணிக்கு 11 டிகிரி சொச்சம்தான் திரும்புது, அதை விட பூமத்திய ரேகைக்கு கிட்ட இருக்கற சென்னைல எப்டி அதிகமா திரும்பும்? தரையில நின்னு பாக்கறவருக்கு ஒரு நாளைக்கு 360 பெருக்கல் சைன் அட்சரேகை. சென்னைக்கு 81 டிகிரி கிட்ட, கடிகாரம் சுத்துற பக்கமா. 360லேந்து அதைக் கழிச்சா 278 சொச்சம், எதிர்ப்பக்கமா. சுத்தி வந்தப்புறம் ஊசல் நிக்கற திசை ரெண்டு கணக்குலயும் ஒண்ணுதான், ஆனா கண்ணால பாக்கறது 81. நான் பரப்பை வச்சுப் போட்டேன், பாக்கறவரோட கிழக்கு வடக்கும் கூடவே ஒரு முழு சுத்து சுத்துதுங்கறதை விட்டுட்டேன்.

கன்னியாகுமரில 8 டிகிரி, ஒரு முழு சுத்துக்கு ஏழு நாள் ஆகும். பூமத்திய ரேகைல திரும்பவே திரும்பாது. டெல்லில கிட்டத்தட்ட 50 மணி நேரம்.

ஏப்ரல் 6, இரவு 9.30

"இதெல்லாம் பழத்துக்கு சரி, நடைமுறைல எவனுக்கு உபயோகம்"னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். நிலம் அளக்கறவனுக்கு சார். இந்தப் பாடமே அங்கேந்து வந்ததுதான். காஸ் 1820கள்ல ஹானோவர் ராஜ்யத்தை அளக்கப் போனவர். அவர் அளந்த பெரிய முக்கோணத்துக்குப் பக்கங்கள் 69, 85, 107 கிலோமீட்டர், மூணு கோணத்தையும் கூட்டினா 180ஐ விட சுமார் 15 ஆர்க் செகண்ட் கூட வரணும், ஏன்னா பூமி உருண்டை. ஒரு பரப்போட வளைவை அதுக்கு வெளிய போகாம, மேலயே ஊர்ந்துகிட்டே, அளந்து சொல்லிடலாம்னு 1827ல தேற்றம் போட்டார். அதுக்கு அவரே லத்தீன்ல "அசாதாரணமான தேற்றம்"னு பேர் வச்சுட்டார், அடக்கம் எல்லாம் கிடையாது.

அவருக்கும் முன்னாடி, 1802ல, நம்ம பரங்கிமலை பக்கத்துலதான் லாம்ப்டன்ங்கற பிரிட்டிஷ் சர்வேயர் ஏழரை மைல் அடிக்கோடு போட்டு அளக்க ஆரம்பிச்சார். அந்த கோடுதான் பின்னாடி முக்கோணம் முக்கோணமா இமயமலை வரைக்கும் போச்சு. அவரோட தியோடலைட், அதான் கோணம் அளக்கற கருவி, அரை டன் கனம், 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து மேல ஏத்தறப்ப கயிறு அறுந்து செவுத்துல மோதி அடிபட்டுச்சு, அவரே உக்காந்து ரிப்பேர் பண்ணினார். அவங்களுக்கெல்லாம் இப்டி 180க்கு மேல கூட வர்ற கோள மிகை தினசரிக் கணக்கு. 1000 சதுர கிலோமீட்டர் முக்கோணத்துக்கு 5 செகண்ட். அதை விட்டா மேப் பொருந்தாது.

ஏப்ரல் 8, இரவு 11.50

சிலபஸ் பத்தி கேட்டவருக்கு. என் காலத்துல டிஃபரன்ஷியல் ஜியாமெட்ரி பேப்பர்ல செரே ஃப்ரெனே ஃபார்முலா, முதல் அடிப்படை வடிவம், ரெண்டாம் அடிப்படை வடிவம், எழுத்து மாத்தாம எழுதினா மார்க். காஸ் பானே தேற்றம் கடைசி யூனிட்ல கடைசி. எடுத்தவர் போர்டுல பேரை எழுதினாரு, "இது அஞ்சு வருஷமா வரல, வந்தாலும் அஞ்சு மார்க்"னு அழிச்சுட்டாரு. ஒரு பரப்போட மொத்த வளைவையும் கூட்டினா அதுல எத்தனை ஓட்டைன்னு தெரிஞ்சுடும்ங்கற சமாச்சாரம் அது, உருண்டைக்கு எப்பவும் 4 பை, மெதுவடைக்கு எப்பவும் சைபர், நசுக்கினாலும் இழுத்தாலும் மாறாது. அதை டஸ்டரால ஒரே இழுப்பு. எனக்கு இன்னும் ஆறல.

அதுக்காக கேள்வித்தாளையும் ஒரேடியா திட்ட முடியல. ஸ்டோக்ஸ் தேற்றம் இருக்கே, அது முதல்ல அச்சுல வந்ததே கேம்பிரிட்ஜ் ஸ்மித் ப்ரைஸ் பரீட்சை கேள்வித்தாள்ல, 1854ல. கெல்வின் 1850ல லெட்டர்ல எழுதி அனுப்பினதை ஸ்டோக்ஸ் கேள்வியா போட்டுட்டார். அந்த வருஷம் பரீட்சை எழுதினவங்கள்ல ஒருத்தர் மேக்ஸ்வெல். பின்னாடி அவரோட சமன்பாடுகளுக்கு அந்த தேற்றம் எவ்ளோ தேவைப்பட்டுச்சுன்னு எலெக்ட்ரோடைனமிக்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி கேள்வித்தாள் எனக்கு ஒண்ணு கூட வாய்க்கல.

ஏப்ரல் 9, மதியம்

இன்னொருத்தர் கேட்டது: டிஃபரன்ஷியல் ஃபார்ம்ஸ் கத்துக்கணுமா? கத்துக்குங்க, கோடு, பரப்பு, கனம் எது மேலயும் தொகையிடறதுக்குன்னே இருக்கற சரக்கு அது. க்ரீன், காஸ், ஸ்டோக்ஸ்னு மூணு தேற்றம் தனித்தனியா மனப்பாடம் பண்ணினது ஒரே வரில அடங்கிடும், மேக்ஸ்வெலோட நாலு சமன்பாடு ரெண்டாயிடும். க்ரேடியண்ட்டோட கர்ல் ஏன் சைபர், கர்லோட டைவர்ஜன்ஸ் ஏன் சைபர்னு ரெண்டு தனி ஐடென்டிட்டி படிச்சோமே, ரெண்டும் ஒண்ணே: விளிம்புக்கு விளிம்பு கிடையாது. வட்டத் தட்டோட விளிம்பு ஒரு வளையம், வளையத்துக்கு முனை எங்க இருக்கு?

ஏப்ரல் 12, இரவு 12.40

தம்பி மெசேஜ் அனுப்பியிருக்கார், "அப்ப அனாலிசிஸ் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன் அண்ணா, ரொம்ப தேங்க்ஸ்". அதைப் படிச்சதுலேந்து மனசு சரியில்ல. முதல் நாள் எழுதினதை நான் வாபஸ் வாங்கறேன். அழிக்கல, அங்கயே கிடக்கட்டும்.

எம்ஃபில் பண்றப்ப ஒரு சின்ன ப்ராஜெக்ட். ரெண்டு சமமான வளையம், எதிரெதிரா, ஒரே அச்சுல. நடுவுல சோப்புப் படலம். படலம் எப்பவும் பரப்பு கம்மியா இருக்கத்தான் பாக்கும், அப்ப அந்த வடிவம் என்ன? ஆயிலர் 18ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டார், சங்கிலி தொங்கற வளைகோட்டை அச்சைச் சுத்தி சுழட்டினா வர்ற கேட்டனாய்ட். நான் அதை கம்ப்யூட்டர்ல பரப்பைக் குறைச்சுகிட்டே போய் வரவைக்கணும். வளையம் கிட்ட இருந்தப்ப அழகா வந்துச்சு. இடைவெளியை ஆரத்தோட 1.4 மடங்குக்கு வச்சேன். நடு இடுப்பு ஒல்லியாச்சு. இன்னும் பொடி மெஷ் போட்டேன், இன்னும் ஒல்லியாச்சு, பரப்பும் இன்னும் குறைஞ்சுது. நிக்கவே மாட்டேங்குது. கோட்ல பக்னு நினைச்சேன், ஃபோர்ட்ரான்ல ஒவ்வொரு வரியா ப்ரிண்ட் போட்டுப் பாத்தேன், சிங்கிள் ப்ரிசிஷனை டபுளா மாத்தினேன், கைடு "எங்கயோ சைன் தப்பு"ன்னாரு, அதையும் தேடினேன். இப்டியே ரெண்டரை மாசம்.

சைன் எல்லாம் சரியாதான் இருந்துச்சு. நான் தேடின பொருளே கிடையாது. இடைவெளி ஆரத்தோட 1.3255 மடங்கைத் தாண்டினா கேட்டனாய்டே இல்ல. பரப்பு குறைஞ்சுகிட்டே போய் ரெண்டு தட்டையான வட்டமும் நடுவுல பரப்பே இல்லாத ஒரு நூலும்ங்கற நிலைக்கு நெருங்கும், ஆனா ரெண்டையும் சேர்த்து மூடற ஒழுங்கான பரப்பு ஒண்ணும் அந்த எல்லைல உக்காந்திருக்காது. கீழ் எல்லை இருக்கு, அதைத் தொடற ஆள் இல்ல. கீழ் எல்லையான இன்ஃபிமம் வேற, அதை நிஜமா தொடற மினிமம் வேறன்னு ரியல் அனாலிசிஸ் முதல் மாசமே சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு மார்க் கேள்வி, நானும் எழுதி வாங்கினேன். ரெண்டரை மாசம் அது என் ஸ்க்ரீன்லயே இருந்துச்சு, அடையாளம் தெரியல.

கடைசில நம்பிக்கை வந்தது ஹாஸ்டல் பாத்ரூம்ல. தங்கச்சிகிட்ட ரெண்டு கண்ணாடி வளையல் வாங்கிட்டுப் போனேன், 2.4 சைஸ். பக்கெட்ல தண்ணி, ஷாம்பு ரெண்டு சாஷே, கொஞ்சம் சர்க்கரை. ரெண்டையும் ஒட்ட வச்சு முக்கி எடுத்து மெதுவா பிரிக்கணும், நடுவுல தட்டையா ஒரு படலம் நிக்கும், அதை காஞ்ச விரலால குத்தி ஒடைச்சுடணும். அப்பதான் இடுப்பு தெரியும், உடுக்கை மாதிரி. இன்னும் மெதுவா பிரிச்சா இடுப்பு சுருங்கிகிட்டே வந்து ஒரு இடத்துல, நாம கையை நிறுத்தினாலும் அது நிக்காது, தானா சுருங்கி பட்டுனு ஒடைஞ்சு ரெண்டு வளையல்லயும் ரெண்டு தட்டையான படலமா உக்காந்துடும். ரூம்மேட் ஸ்கேல் வச்சு அளந்தான், 3.8 சென்டிமீட்டர். 2.4 இன்ச்னா ஆரம் 3.05, அதை 1.3255ஆல பெருக்கினா 4.04. கை நடுக்கத்துல கால் சென்டிமீட்டர் போயிருக்கும்னு விட்டுட்டேன்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்ல. ரீமன் 1851 தீசிஸ்லயே இந்த வேலையைப் பண்ணினார். மின்புலத்தோட ஆற்றல் சைபருக்குக் கீழ போகாது, அதனால அதை மிகக் குறைவா ஆக்கற ஒரு ஃபங்ஷன் கண்டிப்பா இருக்கும், அதுதான் லாப்லாஸ் சமன்பாட்டோட தீர்வுன்னு எடுத்துகிட்டார். டிரிக்லே கொள்கைன்னு பேர் வச்சதும் அவர்தான். பிஸிக்ஸ்காரங்களுக்கு அதுல சந்தேகமே வராது, தகட்டுல மின்னூட்டம் வச்சா புலம் எங்கயோ போய் அமைஞ்சுதானே தீரணும். 1870ல வயர்ஸ்ட்ராஸ் ஒரு குட்டி உதாரணம் காட்டினார். மைனஸ் 1லேந்து 1 வரைக்கும் ஒரு ஃபங்ஷன், இடது முனைல 0, வலது முனைல 1. அதோட சாய்வை எக்ஸால பெருக்கி, வர்க்கம் எடுத்து, தொகையிடு. இதை எவ்ளோ குறைக்கலாம்? நடுவுல மைனஸ் எப்சிலான்லேந்து ப்ளஸ் எப்சிலானுக்குள்ள மட்டும் விறுவிறுன்னு ஏற வை, மத்த இடத்துல தட்டை. தொகை எப்சிலானுக்கு ஆறுல ஒரு பங்கு. எப்சிலானை 0.06னு வச்சா 0.01, இன்னும் குறைச்சா இன்னும் கம்மி. ஆனா சைபரைத் தொடணும்னா சாய்வு எங்கயும் இருக்கக் கூடாது, அப்ப 0லேந்து 1க்கு ஏறவே முடியாது. அவ்ளோதான், ரீமனோட நிரூபணம் அந்தரத்துல நின்னுச்சு. முப்பது வருஷம் கழிச்சு ஹில்பர்ட் வந்துதான் எந்த நிபந்தனைல அந்தக் கொள்கை செல்லும்னு தூக்கி நிறுத்தினார்.

தம்பி, அலர்ஜி அந்த எப்சிலான் மேலதான?

ஏப்ரல் 13, காலை 10.20

கீழ ஒரு அக்கா எழுதியிருக்காங்க: "வளையல் சைஸ் 2.4ன்னா 2.4 இன்ச் இல்ல. 2 இன்ச்சும் பதினாறுல 4 பங்கும், அதாவது ரெண்டே கால். கடைல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

ரெண்டே கால் இன்ச், 5.715 சென்டிமீட்டர், ஆரம் 2.86, பெருக்கல் 1.3255, விடை 3.79. ரூம்மேட் அளந்தது 3.8!

கை நடுங்கவே இல்ல. இத்தனை வருஷமா அவன் மேல போட்ட பழி. இப்பதான் அவனுக்கு ஃபோன் பண்ணினேன், எந்த வளையல்னு கேட்டான். அக்காவுக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 13, இரவு

"உங்க ஏறற ஃபங்ஷனுக்கு ரெண்டு இடத்துல மூலை இருக்கு, அங்க டெரிவேட்டிவ் கிடையாது, வயர்ஸ்ட்ராஸ் ஒத்துக்க மாட்டார்"னு ஒருத்தர். சரிதான். அவர் மூலை இல்லாம டான் இன்வர்ஸ் வச்சுதான் எழுதினார், அதுலயும் இதே கதைதான், தொகை சைபருக்குப் போகும், தொடாது. நான் மனக்கணக்கா போட்டுப் பாக்க வசதியா இருக்குமேன்னு மூலை வச்சேன். மூலையைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கலாம், தொகை ஒரு துளிதான் மாறும். இப்டி மூலை இருக்கற ஃபங்ஷனையும் உள்ள சேத்துக்கற மாதிரி வெளியை விரிச்சுகிட்டுதான் பின்னாடி சோபொலெவ் வெளிகள்னு வந்துச்சு, அதனால உங்க கேள்வி சில்லறைக் கேள்வி இல்ல.

ஏப்ரல் 15, இரவு 9.10

இன்னொரு திருத்தம், இது நானே கண்டுபிடிச்சது. ஏப்ரல் 5 குறிப்புல ஐன்ஸ்டீன் பேரலல் ட்ரான்ஸ்போர்ட்டை வச்சுதான் 1915ல கட்டினார்னு அடிச்சு விட்டேன். நடக்காத காரியம். அந்தக் கருத்தை லெவி சிவிட்டா வெளியிட்டது 1917ல, ரெண்டு வருஷம் கழிச்சு. ஐன்ஸ்டீன்கிட்ட இருந்தது ரிச்சியும் லெவி சிவிட்டாவும் 1900 வாக்குல எழுதி வச்ச இன்டெக்ஸ் கணக்கு. 1912ல ஜூரிச் திரும்பினவர் கூடப் படிச்ச கிராஸ்மன்கிட்ட போய் நின்னார், காலேஜ்ல கட் அடிச்ச கிளாஸுக்கெல்லாம் நோட்ஸ் குடுத்தவரும் அதே கிராஸ்மன்தான், அவர்தான் ரீமன், ரிச்சி பக்கம் கை காட்டினார். ரெண்டு பேரும் சேந்து 1913ல ஒரு பேப்பர் போட்டாங்க, சமன்பாடு சரியா வரல, 1915 நவம்பர்லதான் வந்துச்சு, புதன் கிரகத்தோட நூற்றாண்டுக்கு 43 செகண்ட் கணக்கும் அதே மாசம் பொருந்துச்சு.

அப்ப பாத்தா, ஈர்க்குச்சி இல்லாமலே இன்டெக்ஸ் மட்டும் வச்சு மனுஷன் சாதிச்சுட்டார். ரெண்டாவது சீனியருக்கு இதுல ஒரு மார்க். முதல் சீனியருக்கும் ஒண்ணு குடுக்கணும்: அந்தச் சமன்பாட்டுக்கு, ஆரம்ப நிலை குடுத்தா, கொஞ்ச நேரத்துக்காவது தீர்வு உண்டுன்னு பொதுவா நிரூபிச்சது பிரெஞ்சு கணித மேதை ஷோக்கே புரூவா, 1952ல. 37 வருஷம். அது முழுக்க அனாலிசிஸ். என் சோப்புப் படலத்துக்கு ஆன கதி இதுக்கும் ஆகாதுன்னு அதுக்கு முன்னாடி பொதுவா யாரும் காட்டல.

ஏப்ரல் 19, இரவு 8.45

பீச்சுக்குப் போயிருந்தேன், சுண்டல் வாங்கினேன், பொட்டலத்தைப் பிரிச்சப்ப தோணினது.

பேப்பரை அரை வட்டமா வெட்டுங்க. அது முழுக்க ஒரே திசையில, இடமிருந்து வலமா, வரிசையா அம்பு போடுங்க. எல்லாம் இணை, தட்டையான பேப்பர், வளைவு சைபர். இப்ப நேர் விளிம்போட ரெண்டு பாதியையும் சேத்து ஒட்டி கூம்பு பண்ணுங்க. ஒட்டின இடத்துல பாருங்க: ஒரு பக்கத்து அம்பு முனையிலேந்து வெளிய போகுது, இன்னொரு பக்கத்து அம்பு முனையைப் பாத்து வருது. நேர் எதிர். பேப்பரை எங்கயும் இழுக்கல, கசக்கல, எந்த இடத்துல வளைவு அளந்தாலும் இன்னும் சைபர்தான். ஆனா முனையைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தா அம்பு 180 டிகிரி திரும்பிடுது. முனையைச் சுத்தாம எங்க வேணா சுத்துங்க, திரும்பாது. மொத்த வளைவும் அந்த ஒரு புள்ளில போய் ஒளிஞ்சுகிச்சு.

இதை அப்டியே எலெக்ட்ரான்ல பாக்கலாம். 1959ல அஹரோனோவும் போமும் சொன்னது: காந்தப்புலம் முழுக்க ஒரு ஒல்லி சுருளுக்குள்ள அடைச்சு வச்சாச்சு, எலெக்ட்ரான் வெளிய சுத்திப் போகுது, போற வழில எங்கயும் புலம் இல்ல, ஆனா சுத்தி வந்தா அதோட ஃபேஸ், அதாவது அலை ஏத்த இறக்கத்துல எந்த இடத்துல இருக்குங்கறது, மாறியிருக்கும். 1986ல டொனோமுரா குழு குட்டி வளையக் காந்தத்தை வச்சு சந்தேகமில்லாம காட்டினாங்க. பொட்டல முனைதான் சுருள், அம்புதான் ஃபேஸ். காஸ்மிக் ஸ்ட்ரிங்னு ஒண்ணு இருந்தா அதைச் சுத்தியிருக்கற வெளியும் இதே கூம்புதான், ஆனா அதை யாரும் இதுவரைக்கும் பாத்ததில்ல.

ஒளிக்கும் உண்டு. சர் சி. வி. ராமனோட சகோதரி மகன் பஞ்சரத்னம், பெங்களூர்ல, 1956ல, 22 வயசு. போலரைசேஷனை ஒரு உருண்டை மேல புள்ளியா குறிச்சு, மூணு புள்ளி வழியா சுத்தி திரும்பக் கொண்டுவந்தா, அடைச்ச பரப்புல பாதி அளவுக்கு ஃபேஸ் நகரும்னு எழுதினார். தர்பூசணி கணக்கேதான். பெர்ரி க்வாண்டம்ல இதைப் பொதுவா சொன்னது 1984ல. அதுக்கப்புறம்தான் உலகம் பஞ்சரத்னத்தோட பேப்பரைத் தூசி தட்டிச்சு, அவர் 1969லயே, 35 வயசுல, போயிட்டார்.

ஏப்ரல் 20, இரவு 11

நேத்து எழுதினதுக்கு ஒரு வால். வளைவே இல்லாம, சுத்தி வந்தா மட்டும் திரும்பற இந்த வகை அம்புகளைப் பத்திதான் நரசிம்மன் சேஷாத்ரி தேற்றம், 1965. மெதுவடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கற ரீமன் பரப்பை எடுத்துக்குங்க. ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தி வந்தா அம்பு எப்டி திரும்பும்ங்கற பட்டியல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அல்ஜீப்ரா ஜியாமெட்ரில ஸ்டேபிள் பண்டில்னு முழுக்க வேற ஊர் சரக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்னு காட்டினாங்க. சரியான நிபந்தனையோட சொன்னா நீளும், விடுங்க. 1983ல அத்தியாவும் பாட்டும் இதை துகள் பிஸிக்ஸ்ல வர்ற யாங் மில்ஸ் கோட்பாட்டோட இணைச்சாங்க, அதே வருஷம் டொனால்ட்சன் புதுசா ஒரு நிரூபணம் குடுத்தார், அதுல நடக்கறது என்ன தெரியுமா, ஒரு ஆற்றலை மிகக் குறைவா ஆக்கற பொருள் நிஜமாவே இருக்குன்னு காட்டற வேலை. டிரிக்லே கொள்கை மறுபடி வாசல்ல நிக்குது.

சேஷாத்ரி காஞ்சிபுரத்துக்காரர். நரசிம்மனும் தமிழ்நாட்டுக்காரர்தான். ரெண்டு பேருக்கும் சென்னை லயோலால பாடம் எடுத்தது ஃபாதர் ரசீன், பிரெஞ்சுக்காரர், பாரிஸ்ல எலீ கார்த்தான்கிட்ட டாக்டர் பட்டம் வாங்கினவர். அந்த கார்த்தான்தான் டிஃபரன்ஷியல் ஃபார்ம்ஸோட பெரிய கை. எங்க காலத்துல ஒருத்தர் கூட இதைச் சொல்லல, இது சிலபஸ்லயும் இல்ல.

ஏப்ரல் 22, காலை 8

தம்பி கேட்டது: சரி, அலர்ஜியோட படிக்கறேன், எங்க ஆரம்பிக்க?

மேத்ஸ் டிபார்ட்மெண்ட்ல முழு அனாலிசிஸ் பேப்பரும் உக்காராதீங்க, டைம் பத்தாது. காம்பாக்ட்னா என்ன, அது இருந்தா ஏன் மினிமம் கிடைக்கும், இல்லன்னா ஏன் நழுவும், இதை முதல்ல. அடுத்து சுருக்கு மேப்பிங் தேற்றம், அதை வச்சு டிஃபரன்ஷியல் ஈக்வேஷனுக்குத் தீர்வு இருக்குன்னு காட்டறது, ஜியோடெசிக் இருக்குன்னு நீங்க ரிலேட்டிவிட்டில கண்ணை மூடி நம்பற இடம் அதுதான். இன்வர்ஸ் ஃபங்ஷன் தேற்றம். யூனிஃபார்ம் கன்வர்ஜன்ஸை ஒரு மாசம் தள்ளிப் போட்டாலும் குடி முழுகாது. ஜியாமெட்ரிக்கு முதல்ல ரெண்டு பரிமாணப் பரப்பு, அதை கையால பண்ணிட்டு அப்புறம் இன்டெக்ஸ். மேனிஃபோல்ட் டெஃபனிஷனை முதல் நாளே மனப்பாடம் பண்ண வேணாம், நான் பண்ணினேன், அதுல சொல்ற ஹவுஸ்டார்ஃப் நிபந்தனை எதுக்குன்னு தெரிய நாலு வருஷம் ஆச்சு.

வளையல் செலவு நாப்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். சைஸ் கேட்டு வாங்குங்க.

ஏப்ரல் 22, மாலை

தர்பூசணி என்னாச்சுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. அன்னிக்கு ராத்திரியே வெட்டியாச்சு. கடைக்காரர் சொன்னது சரி, உருண்டையா இருந்தது பாதி வெள்ளை.